சங்கம் யாருடைய பணத்தில் நடக்கிறது?

1892இல் சென்னை மாகாண அரசு பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் ஒரு வேலையை ஒப்படைத்தது. ஐரோப்பாவில் உழவர்களுக்குக் கடன் தரும் வங்கிகள் எப்படி நடக்கின்றன, அவற்றில் எது இந்த மண்ணுக்கு ஒத்துவரும் என்று அவர் ஆராய்ந்து சொல்ல வேண்டும். நிக்கல்சன் கோவை மாவட்டத்தின் கையேட்டை எழுதியவர்; கிணறு வெட்டவும் மாடு வாங்கவும் குடியானவர் எந்த வட்டிக்குக் கைநீட்டுகிறார் என்பதை அருகிருந்து பார்த்தவர். அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. சென்னையில் அப்போதே பல ‘நிதி’கள் இயங்கிக்கொண்டிருந்தன. மயிலாப்பூர் ஃபண்டு 1872இலேயே தொடங்கிவிட்டது. மாதச் சந்தா கட்டி, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கும் அந்த ஏற்பாட்டையும் அவர் விடாமல் ஆராய்ந்தார்.

இத்தனையும் பார்த்த பிறகு அவர் சுட்டிக்காட்டியது ஒரு மனிதரை. ஜெர்மனியின் ரைஃபைசனைப் போன்ற ஆளை இங்கே கண்டுபிடிக்க வேண்டும் என்பதே அவருடைய முடிவு.

பிரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் சிற்றூர்களின் மேயராக இருந்தவர். 1846–47 பஞ்சத்தில் அரசு அனுப்பிய மாவைக் காசு கொடுப்பவருக்கே தரவேண்டும் என்பது உத்தரவு. வையர்புஷ் கிராமத்தில் அவர் அதைக் கடனாகக் கொடுத்தார். வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டிப் பொது ரொட்டி அடுப்பு ஒன்றும் கட்டினார். அடுத்துச் சென்ற ஃபிளாமர்ஸ்ஃபெல்டில், 1849இல், ஊர்ப் பெரியவர்கள் பொறுப்பேற்க, ஏழை உழவர்களுக்கு மாடு வாங்கித் தரும் சங்கம் அமைத்தார். 1854இல் ஹெட்டஸ்டார்ஃபில் தொடங்கியதும் அறச் சங்கம்தான், பணம் செல்வந்தர்களுடையது. பத்து ஆண்டில் அவர்களின் உற்சாகம் வடிந்தது. 1864இல் ரைஃபைசன் அதைக் கலைத்து, கடன் வாங்குகிறவர்களே உறுப்பினர்களாகவும் பொறுப்பாளிகளாகவும் இருக்கும் கடன் சங்கமாக மாற்றினார். உலகம் அவர் பெயரால் அறிவது இந்த இரண்டாவது வடிவத்தை.

அதன் விதிகள் கடுமையானவை. சங்கத்தின் எல்லை ஒருவரை ஒருவர் முகமறிந்த சிற்றூர். கடன் உறுப்பினருக்கு மட்டும், அதுவும் என்ன செலவுக்கு என்று சொன்ன பிறகு. பொறுப்பாளர்களுக்குச் சம்பளம் கிடையாது. கணக்கருக்கு மட்டும் உண்டு. லாபத்தில் சேரும் காப்பு நிதியை எந்தக் காலத்திலும் பங்கு போட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வரம்பில்லாப் பொறுப்பு: சங்கம் மூழ்கினால் ஒவ்வொரு உறுப்பினரின் வீடும் நிலமும் ஈடு. பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கிய பணத்தில் பசு வாங்கினாரா, குடித்துத் தீர்த்தாரா என்று கேட்கும் உரிமை ஊருக்கு அதனால் வந்தது.

சென்னை மாகாணம் நிக்கல்சனின் அறிக்கையை எடுத்துக்கொண்ட விதம் வேறு. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆகஸ்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கம் பதிவானது. அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம். திருவல்லிக்கேணியில் சீனிவாச சாஸ்திரி உள்ளிட்ட சிலர், இங்கிலாந்தின் ராச்டேலில் 1844இல் 28 பேர் தொடங்கிய கடையை முன்மாதிரியாகக் கொண்டு, அதே ஆண்டில் ஒரு பண்டகசாலையைத் தொடங்கினார்கள். டி.யூ.சி.எஸ். என்று சென்னைவாசிகள் அறிந்த கூட்டுறவு அதுதான். ஆக, ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நிக்கல்சன் ஓர் ஆளைத் தேடச் சொன்ன இடத்தில் அரசு ஒரு பதவியை உண்டாக்கியது: பதிவாளர். சென்னையின் முதல் பதிவாளர் பி. ராஜகோபாலாச்சாரி. பதவியே தவறு என்று சொல்ல முடியாது. எழுத்தறிவு அரிதாக இருந்த ஊர்களில் கணக்கு வைக்கக் கற்றுக்கொடுக்க யாரேனும் வேண்டியிருந்தது. காலப்போக்கில் சங்கத்தைப் பதிவு செய்பவர், வளர்ப்பவர், மேற்பார்க்கிறவர், வழக்கு தீர்ப்பவர், நிர்வாகக் குழுவைக் கலைப்பவர் எல்லாம் ஒரே அலுவலகமாகிவிட்டது. சிக்கல் அங்கே தொடங்கியது.

அரை நூற்றாண்டு கழித்து ரிசர்வ் வங்கி நாடெங்கும் ஊரகக் கடன் ஆய்வு நடத்தியது. 1954இல் வெளியான அறிக்கை, உழவர்கள் வாங்கிய கடனில் கூட்டுறவு கொடுத்தது 3.1 சதவீதமே என்று காட்டியது. ஆய்வை வழிநடத்திய, கோர்வாலா தலைமையிலான குழு, கூட்டுறவு தோற்றிருந்தாலும் அது வெல்லாமல் வேறு வழியில்லை என்று கருதியது. அதற்கு அவர்கள் கண்ட மருந்து, சங்கங்களின் பங்கு மூலதனத்தில் அரசே பணம் போடுவது. நோக்கம் நல்லதுதான், வட்டிக்கடைக்காரரின் பிடி அன்று அப்படி இருந்தது. ஆனால் பங்கு போட்டவர் நாற்காலியும் கேட்பார். மேலிருந்து பணம் வந்தது. கூடவே மேலிருந்து ஆளும் வந்தார்.

இன்று ஊர்க்காரர்கள் ‘சொசைட்டி’ என்று சொல்லும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குள் போய்ப் பார்த்தால் இந்த வரலாறு மேசைமேல் கிடக்கிறது. பயிர்க்கடன் கேட்டு வருகிறவர் சிட்டா, அடங்கல், வி.ஏ.ஓ. கையெழுத்து, ஆதார் நகல் எல்லாம் கொண்டுவருகிறார். கடனில் ஒரு பகுதி உரமாக வருகிறது. கடன் தொகைக்கு ஏற்றபடி பங்குத் தொகை பிடித்தம் ஆகிறது. அதாவது, அவரைச் சங்கத்தின் உடைமையாளர் ஆக்கும் அந்தப் பங்கு, அவர் வாங்கும் கடனிலிருந்தே கழிக்கப்படும் ஒரு தொகை. பலர் அதை ஒரு கட்டணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கடனுக்கான பணத்தில் ஒரு பகுதி நபார்டு மறுநிதியாக, தலைமைக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி என்று இறங்கி வருகிறது. உரிய காலத்தில் கட்டினால் வட்டியை மாநில அரசு ஏற்கிறது. இந்தக் கணக்கில் கடன் வாங்கியவருக்கு அது அரசாங்கப் பணம் என்று தோன்றினால் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பக்கத்துச் சன்னலில் நகைக்கடன். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, எடை போட்டு, சீட்டு எழுதுகிறார். பல சங்கங்களின் வரவு செலவைத் தூக்கி நிறுத்துவது இந்தச் சன்னல்தான். கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு உள்ளூர் மக்கள் போட்ட வைப்புத்தொகை: ஓய்வுபெற்ற ஆசிரியர், மகள் கல்யாணத்துக்குச் சேர்க்கும் தாய், துபாயிலிருந்து பணம் அனுப்பும் மகனின் தகப்பனார். ஆனால் நகை வைப்பவரும் வைப்பு போடுபவரும் பெரும்பாலும் இணை உறுப்பினர்கள். இணை உறுப்பினருக்கு ஓட்டு இல்லை. பேரவையில் தலைவரை மாற்றவோ, தணிக்கைக் குறையைப் பற்றிக் கேட்டு முடிவெடுக்கவோ அவர்களால் முடியாது. வணிக வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் வைப்புக் காப்பீடும் தொடக்கச் சங்கங்களுக்குக் கிடையாது. பணத்தை நம்பி ஒப்படைத்தவர் வாசலுக்கு வெளியே. பயிர்க்கடன் வாங்கியவர் மட்டும் சபைக்குள்ளே. இப்படி ஓர் அமைப்பில் கடனைக் கறாராக வசூலிக்க வேண்டும் என்று குரல் எழுப்பும் அக்கறை யாருக்கு இருக்கும்?

2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. 16.43 லட்சம் உழவர்கள் பயனடைந்தார்கள். பின்னர் வந்த அரசு ஐந்து சவரன் வரையிலான நகைக்கடன்களுக்குத் தகுதி வரையறுத்துத் தள்ளுபடி தந்தது. புயலும் பெருந்தொற்றும் வாட்டிய காலத்தில் உழவருக்குக் கைகொடுப்பது அரசின் கடமை. அதை மறுக்க யாராலும் முடியாது. கேள்வி, அந்த உதவி ஏன் சங்கத்தின் கடன் ஏட்டின் வழியாகவே போகவேண்டும் என்பது. நேரடி நிவாரணமாகக் கொடுத்திருந்தால், கம்மலை விற்றுத் தவணை கட்டியவருக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும். ஏட்டின் வழியாகப் போகும்போது ஒழுங்காகக் கட்டியவர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். அடுத்த முறை அவர் ஏன் கட்டவேண்டும்?

இதையெல்லாம் முன்பே வெகு துல்லியமாக எழுதிவைத்தவர் ஒரு தமிழர். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தோடு நெடுங்காலம் இணைந்திருந்த பொருளாதார அறிஞர் ஏ. வைத்தியநாதன் தலைமையில் மத்திய அரசு 2004இல் ஒரு பணிக்குழு அமைத்தது. மறு ஆண்டு வந்த அறிக்கை, கடன் வாங்குவோர் மட்டுமே ஆளும் சங்கம் நிலைக்காது, வைப்பாளருக்கு முழு ஓட்டுரிமை வேண்டும், அரசின் பங்கு குறைய வேண்டும், குழுவைக் கலைக்கும் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டும் என்றது. நட்டத்தை ஈடுகட்ட நிதித் தொகுப்பையும் பரிந்துரைத்தது. தமிழ்நாடு உட்படப் பெரும்பாலான மாநிலங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நிதி வந்த வேகத்தில் உரிமை வரவில்லை. 2011இன் 97ஆவது அரசமைப்புத் திருத்தம் தேர்தலுக்கும் தணிக்கைக்கும் காலவரை விதித்தது. மாநிலங்களின் ஒப்புதல் பெறவில்லை என்பதால், மாநிலக் கூட்டுறவுகளுக்கு அந்தப் பகுதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. தேர்ந்தெடுத்த குழு போய்த் தனி அலுவலர் வந்து உட்காரும் காட்சி தமிழகத்துக்குப் பழகிப்போனது. உறுப்பினர்கள் வியப்படைவதைக்கூட விட்டுவிட்டார்கள்.

அரசு விலகி நின்றால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. மும்பையின் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி அரசுப் பிடியில் இருக்கவில்லை. அதன் கடனில் எழுபது சதவீதத்துக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. மறைக்க ஆயிரக்கணக்கான போலிக் கணக்குகள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி முடக்கியபோது ஒரு வைப்பாளர் எடுக்க முடிந்தது முதலில் 1,000 ரூபாய். மருத்துவச் செலவுக்கு வைத்திருந்த பணத்தைத் தொட முடியாமல் முதியவர்கள் வங்கி வாசலில் நின்றார்கள். அங்கேயும் பணம் போட்டவர்கள் வேறு, ஆட்சி செய்தவர்கள் வேறு.

இதற்கு நேர் எதிரான சான்று அகமதாபாத்தில் இருக்கிறது. எலா பட் தொடங்கிய சேவா அமைப்பின் பெண்கள், தலைச்சுமை தூக்குவோர், காய்கறி விற்போர், பழந்துணி தைப்போர், 1970களின் தொடக்கத்தில் தங்களுக்கென்று ஒரு வங்கி கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களின் வங்கியைப் பதிவு செய்யக் கூட்டுறவு அலுவலர்கள் தயங்கினார்கள். பொறுப்பாளராகக் கையெழுத்திட வேண்டிய பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதப் பழகினார்கள். மறுநாள் பதிவாளர் முன் பிழையில்லாமல் போட்டார்கள். 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டு வங்கி பிறந்தது. கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவரும் புகைப்படம் எடுத்துக்கொள்ள, அந்தப் படமே சேமிப்புப் புத்தகத்தில் அடையாளமானது. பத்து ரூபாய் அன்று அவர்களுக்குப் பெரிய தொகை. அதனால்தான் வங்கி என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சேவாவின் கதை சேமிப்போடு நிற்கவில்லை. தையல், பால், காய்கறி விற்பனை, குழந்தைகள் காப்பகம் என்று அந்தப் பெண்கள் தொழில்வாரியாகக் கூட்டுறவுகள் அமைத்தார்கள். 1992இல் அவற்றுக்கென ஓர் இணையமும் பதிவானது. கணக்கு எழுதுதல், சந்தை பிடித்தல், சட்டச் சிக்கல் தீர்த்தல் ஆகியவற்றில் புதிய கூட்டுறவுகளைக் கைபிடித்து நடத்துவது அந்த இணையத்தின் வேலை. கூட்டுறவுக்குக் கடன் கொடுத்தால் போதாது, அதைப் பெற்று வளர்க்க ஓர் அமைப்பு வேண்டும் என்பதற்கு இது இந்தியச் சான்று.

இதையே மிக விரிவாகச் செய்துகாட்டிய ஊர் ஸ்பெயினின் பாஸ்க் நாட்டிலுள்ள மோன்ட்ராகன். உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தைச் சேர்ந்த, வேலையற்ற ஒரு சிற்றூர். 1941இல் இளம் பாதிரியார் ஹோசே மரியா அரிஸ்மெண்டியரியேட்டா அங்கே வந்தார். 1943இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அதில் படித்து வளர்ந்த ஐந்து இளைஞர்கள் 1956இல் உல்கோர் என்ற தொழிற்சாலையை ஏற்படுத்தி அடுப்புகள் செய்தார்கள். அதில் வேலை செய்பவர் எல்லாரும் உடைமையாளர். ஆளுக்கு ஓர் ஓட்டு.

பாதிரியாருக்கு அடுத்த கவலை முதலீடு. தொழிலாளர் கையில் இருக்கும் தொழிற்சாலைக்கு எந்த வங்கி கடன் தரும்? நமக்கே ஒரு வங்கி வேண்டும் என்று அவர் சொன்னபோது அந்த இளைஞர்களே நம்பவில்லை; அடுப்பு செய்யத் தெரிந்த நமக்கு வங்கி எதற்கு என்றார்கள். அவர் விடவில்லை. விதிமுறைகளைத் தானே எழுதி, விண்ணப்பத்தில் அவர்களில் இருவருடைய கையெழுத்தையும் தானே போட்டு அனுப்பிவிட்டார் என்பது அங்கே இன்றும் சொல்லப்படும் செய்தி. 1959இல் காஹா லபோரல் என்ற உழைப்பாளர் வங்கி பிறந்தது. மக்களிடம் சேமிப்புத் திரட்ட அவர்கள் கேட்ட கேள்வி எளியது: சேமிப்புப் புத்தகமா, பெட்டி படுக்கையா? பணத்தை இங்கே போட்டால் பிள்ளைக்கு இங்கேயே வேலை. இல்லாவிட்டால் வெளியூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் உள்ள எந்தக் குடும்பத்துக்கும் அந்தக் கேள்வி விளங்கும். பாஸ்க் குடும்பங்கள் சேமிப்போடு வந்தன.

அந்த வங்கி மற்ற வங்கிகள் செய்யாத ஒன்றைச் செய்தது. தனக்குள் ஒரு தொழில் வளர்ப்புப் பிரிவு வைத்துக்கொண்டது. புதிதாகத் தொழில் தொடங்க நினைக்கும் குழு அங்கே போகவேண்டும். தனியாளாக வருபவரை எடுத்துக்கொள்வதில்லை. நண்பர்களாகச் சேர்ந்து வர வேண்டும், தங்களுக்குள் ஒரு மேலாளரைத் தெரிவு செய்திருக்க வேண்டும். வங்கி அவர்களுக்கு அனுபவசாலி ஒருவரை ஞானத்தந்தையாக நியமிக்கும். ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் பொருள், சந்தை, இயந்திரம், விலை எல்லாம் ஆராய்ந்து திட்டம் தயாராகும். அதுவரை மேலாளரின் சம்பளத்தையும் வங்கியே கடனாகத் தரும். தொடங்கிய பிறகும் மாதக் கணக்கு வங்கிக்குப் போகவேண்டும். நட்டம் ஏற்பட்டால் வட்டியைக் குறைத்து, தேவைப்பட்டால் விட்டுக்கொடுத்து, ஆளனுப்பிச் சீர்செய்வார்கள். 1956 முதல் 1986 வரை இப்படி உருவான 103 கூட்டுறவுகளில் மூடப்பட்டவை மூன்று மட்டுமே.

இந்த எண்ணைப் பார்த்து அன்பும் ஒற்றுமையும் சாதித்தது என்று சொல்லிவிடுவது சுலபம். சாதித்தது கணக்கு. புதிதாகச் சேரும் தொழிலாளி கடைநிலை ஊழியரின் ஓராண்டுச் சம்பளத்தை ஒட்டிய தொகையை மூலதனமாகப் போட வேண்டும். கையில் இல்லையென்றால் சில ஆண்டுகள் சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள். லாபத்தில் அவர் பங்கு உடனே கைக்கு வராது. அவர் பெயரில் கணக்கில் ஏறி, ஓய்வுபெறும்போது கிடைக்கும். அந்தப் பணம் முழுவதும் தொழிற்சாலைக்குள் இருக்கிறது என்று தெரிந்தவர் இயந்திரத்தைப் பார்க்கும் பார்வையே வேறு. மேல் சம்பளத்துக்கும் கீழ்ச் சம்பளத்துக்கும் இடையிலான விகிதம் தொடக்கத்தில் மூன்றுக்கு ஒன்று. பின்னாளில் அது கூடியது.

மோன்ட்ராகனும் அடிபட்டது. 1974இல் உல்கோரில் வேலைநிறுத்தமே நடந்தது. நிறுவனம் பெரிதானபோது ஓட்டுரிமை மட்டும் போதவில்லை என்பதை அது காட்டியது. 1990களின் தொடக்கத்தில் தொழில் வளர்ப்புப் பணி வங்கியை விட்டுக் குழும நிர்வாகத்துக்குப் போயிற்று. உல்கோரின் வாரிசான ஃபாகோர் வீட்டுச் சாதன நிறுவனம், 2005இல் பிரான்சின் பிராண்ட் நிறுவனத்தை வாங்கிப் பெரிதானது, 2008இல் ஸ்பெயினின் வீட்டுச் சந்தை சரிந்தபோது தள்ளாடியது, 2013இல் திவாலானது. உடன்பிறந்த கூட்டுறவுகள் கோடிக்கணக்கான யூரோ கொட்டிப் பார்த்துவிட்டு, இனி முடியாது என்று கைவிட்டன. வேலை இழந்த உறுப்பினர்களில் பெரும்பாலோருக்குப் பிற கூட்டுறவுகளில் இடமோ முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. போட்ட பணம் போனது போனதுதான். அந்த வலி ஊரில் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஒரு தொழிற்சாலை மூடினால் ஊரே காலியாகும் நிலை அங்கே வரவில்லை.

ஜெர்மனியில் ரைஃபைசனின் வழிவந்த வங்கிகள் தாங்கிய விதம் இன்னொன்று. ஒவ்வொரு கூட்டுறவும் ஒரு தணிக்கை இணையத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்த இணையம் கூட்டுறவுகளுக்கே சொந்தம். புதிய கூட்டுறவைப் பதிவு செய்யும் முன் அது பிழைக்குமா என்று இணையம் ஆராய்ந்து சான்று தர வேண்டும். 1930களில் அவர்களே ஏற்படுத்திய பாதுகாப்பு நிதி தள்ளாடும் வங்கியை முன்கூட்டியே தாங்கிப் பிடிக்கிறது. இன்று 1.7 கோடிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். இந்தியாவில் நகரக் கூட்டுறவு வங்கிகளுக்காக 2024இல் தொடங்கப்பட்ட தேசிய நிதி, வளர்ச்சிக் கழகம் இதன் சாயலில் வந்தது. வரவேற்க வேண்டிய முயற்சி. நகர வங்கிகளோடு அது நின்றுவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் மோன்ட்ராகன் வங்கி செய்தது போன்ற தொழில் வளர்ப்பு வேலைக்கு வேண்டிய உறுப்புகள் ஏற்கெனவே உள்ளன. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள், நான்காயிரத்துக்கு மேற்பட்ட தொடக்கச் சங்கங்கள், 1935 முதல் இயங்கும் கோ-ஆப்டெக்ஸ், சேலத்தின் சேகோசர்வ், நீலகிரியின் சிறு தேயிலை உழவர்களுக்கான இன்ட்கோசர்வ். நெசவாளர் சங்கங்கள் நூல் வாங்க மத்திய வங்கியின் காசுக்கடனை நம்பித்தான் இருக்கின்றன. ஆனால் பத்து இளைஞர்கள் சேர்ந்து, நாங்கள் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கூட்டுறவோ ஓட்டுநர் கூட்டுறவோ தொடங்க விரும்புகிறோம் என்று மாவட்ட மத்திய வங்கிக்குப் போனால், அவர்களோடு ஓராண்டு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கும் ஆள் அங்கே இருக்கிறாரா? திட்ட அறிக்கையும் ஜாமீன்தாரரும் கொண்டுவாருங்கள் என்ற பதிலோடு அவர்கள் திரும்புவதே நடைமுறை. ஒவ்வொரு மத்திய வங்கியும் நான்கு பேர் கொண்ட ஒரு தொழில் வளர்ப்புப் பிரிவை வைத்தால், அதன் செலவு ஒரு பெரிய வாராக்கடனின் அளவைத் தொடாது.

அதற்கு முன்னால் வைப்பாளருக்கு ஓட்டு வேண்டும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தைத் திருத்தி, ஒரு குறிப்பிட்ட தொகையைக் குறிப்பிட்ட காலம் வைத்திருப்பவரை முழு உறுப்பினராக்கினால், அடுத்த பேரவைக் கூட்டத்திலேயே வேறுபாடு தெரியும். தணிக்கை அறிக்கையை வாசிக்காமல் ‘ஏற்கப்பட்டது’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுத முடியாது. உரைகல்லில் தேய்த்த நகை உண்மையானதா, யாருடைய பெயரில் எத்தனை கடன், யார் மூன்றாண்டாகக் கட்டவில்லை, செயலாளர் ஏன் மாற்றப்பட்டார் என்று அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரும், மகளுக்குச் சேர்க்கும் தாயும் எழுந்து கேட்பார்கள். பதில் சொல்லாதவருக்கு அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடமாட்டார்கள்.